கண்டியில் பழைய வீடு வாங்குவோரும் உறுதியில் எழுதப்படாத பங்குகளும்

கண்டி நகரிலும் அதன் பழைய புறநகர்களிலும் வீடுகள் விற்பனைக்கு வரும்போது வெளியாகும் சிறு விளம்பரங்களை வாசிப்போர் ஒரு சொற்றொடரைத் தவறாது கண்டிருப்பர். எத்தனை பேர்ச் காணி, எத்தனை அறைகள், நகருக்கு எத்தனை நிமிடப் பயணம் என்பனவெல்லாம் கூறப்பட்ட பின்னர், "தெளிவான உறுதி" என்ற இரு சொற்கள் இறுதியில் இடம்பெறும். வாங்குவோர் அதனை நம்புகின்றனர். விற்போரும் பெரும்பாலும் நேர்மையாகவே அதனைக் கூறுகின்றனர். ஆயினும் பழைய வீடு ஒன்றின் உறுதி தெளிவாக இருப்பதும், அவ்வீட்டின் உரித்துத் தெளிவாக இருப்பதும் ஒன்றல்ல. வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கும் குடும்பங்கள் பல, இவ்வேறுபாட்டை நீதிமன்றப் படியேறிய பின்னரே அறிந்து கொள்கின்றன என்பதால் இதனைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமானதென எண்ணுகின்றோம்.

கட்டுகஸ்தோட்டை, மாவில்மடை, மஹய்யாவ, அம்பிட்டிய, வட்டபுலுவ, பேராதனை வீதியின் இரு மருங்கு என்பன இன்று நேற்று உருவான குடியிருப்புகள் அல்ல. வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கண்டியிற் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களின் பிற்பகுதியில் அரச ஊழியர்களுக்காக வடிவமைத்த திட்டம் அது. குடியேறவிருந்த பல இனக் குடும்பங்களிடமும் அவர்களது வாழ்க்கை முறையைக் கேட்டறிந்து வீடுகளின் அமைப்பைத் தீர்மானித்தமை அக்காலத்திற்குப் புதுமையானது. அன்று அங்கு குடியேறிய தலைமுறை இன்று பெரும்பாலும் மறைந்து விட்டது. இப்போது அத்தகைய வீடுகளை விற்க முன்வருவோர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. ஏனைய பழைய புறநகர்களிலும் நிலைமை இதுவே.

இங்குதான் சிக்கல் தொடங்குகின்றது. நமது நாட்டின் காணிப் பதிவு முறை பெரும்பாலும் ஆவணங்களைப் பதியும் முறையாகும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் உரிய பக்கத்தில் விற்பனை, நன்கொடை, ஈடு, குத்தகை என்பன வரிசையாகப் பதியப்படுகின்றன. ஆனால் மரணம் ஓர் உறுதியன்று. தந்தை இறந்த கணத்திலேயே அவரது வீடு சட்டப்படி வாரிசுகளைச் சென்றடைகின்றது. அதனைத் தெரிவிக்கும் வரி எதுவும் அப்பக்கத்தில் தானாக ஏறுவதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் காலமான ஒருவரின் பெயரே இன்னமும் அங்கு கடைசிப் பெயராக நிற்கக்கூடும். முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்த்து "தடை எதுவுமில்லை" என நொத்தாரிசு கூறுவாராயின் அது உண்மையே. பதிவேட்டில் தடை இல்லைதான். தடை மயானத்தில் இருக்கின்றது. எனவே பழைய வீடொன்றை வாங்க முற்படுவோர், அங்கு இப்போது யார் வசிக்கின்றார் என்பதைக் கேட்பதற்கு முன்னர், அதன் உரித்தாளர்களுள் யார் யார் இறந்தனர், அவர்கள் யாரை விட்டுச் சென்றனர் என்பதைக் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். மாவில்மடையில் ஒருவர் தம் பெயரில் வீடொன்றை வாங்கி, மரண சாசனம் எழுதாது காலமாகின்றார். மனைவியும் இரு ஆண் மக்களும் மூன்று பெண் மக்களும் உளர். பெண்கள் மணமாகி வெவ்வேறு ஊர்களில் வாழ்கின்றனர். தாயும் ஆண் மக்கள் இருவரும் அவ்வீட்டிலேயே வசித்து, இப்போது அதனை 2 கோடி ரூபாவுக்கு விற்கின்றனர் என்க. வாங்குபவர் எதனைப் பெறுகின்றார்?

இறந்தவர் முஸ்லிமாயின் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா உரிமைவழிக் கட்டளைச் சட்டத்தின்படி அவர் சார்ந்த மத்ஹபின் விதியே செல்லும். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழு, மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்குமாகப் பிரியும். அதாவது மகன் ஒவ்வொருவருக்கும் எட்டில் இரண்டு, மகள் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒன்று. ஆகவே தாயும் ஆண் மக்களும் கையொப்பமிட்ட உறுதியினால் வாங்குபவருக்குக் கிடைப்பது எட்டில் ஐந்து மட்டுமே. எஞ்சிய எட்டில் மூன்று, அதாவது 75 இலட்சம் ரூபாப் பெறுமதியான பங்கு, இன்னமும் சகோதரிகள் மூவருடையது.

அதே குடும்பம் மலையகத் தமிழ்க் குடும்பமாயின் கணக்கு வேறு. அவர்களுக்கு இந்துச் சட்டம் பொருந்தும் எனச் சிலர் கருதுவது தவறாகும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டமே அவர்களை ஆளும் பொதுச் சட்டம். அதன்படி மனைவிக்குப் பாதி. மறு பாதி ஆண், பெண் என்ற பேதமின்றி ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்குப் பத்தில் ஒன்று. அங்கும் சகோதரிகள் மூவரின் பத்தில் மூன்று, 60 இலட்சம் ரூபா, விற்பனைக்கு வெளியே நிற்கின்றது. தன்னிடம் இல்லாததை எவராலும் விற்க முடியாது. உறுதியில் "முழுவதும்" என்று எழுதுவதனால் அது முழுவதாகி விடுவதில்லை.

பிள்ளைகளுள் ஒருவர் தந்தைக்கு முன்னரே இறந்திருந்தால் வேறுபாடு மேலும் கூர்மையடைகின்றது. பொதுச் சட்டத்தில் அவரது பிள்ளைகள் அவரது இடத்தில் நின்று பங்கு பெறுவர். முஸ்லிம் சட்டத்தில் உயிரோடிருக்கும் மகன், இறந்த சகோதரனின் பிள்ளைகளை விலக்கி விடுகின்றார். வடக்கிலிருந்து வந்து கண்டியிற் குடியேறிய குடும்பத்தினருக்குத் தேசவழமை தொடர்வதுண்டு. அவ்வாறாயின் மணமான பெண் தனது அசையா ஆதனத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சிங்கள அயலவரிடமிருந்து வாங்குவோர் கண்டியச் சட்டத்தையும் மறத்தலாகாது. தீகத் திருமணம் செய்து வீட்டை விட்டுச் சென்ற மகளுக்கும், பின்னத் திருமணம் செய்து தாய்வீட்டில் தங்கிய மகளுக்கும் பரவணி ஆதனத்தில் ஒரே உரிமை இல்லை. ஒரே ஒழுங்கையிலுள்ள நான்கு வீடுகள் நான்கு சட்டங்களினால் ஆளப்படும் நகரம் இது. ஏனைய மாவட்டங்களில் அனுபவம் பெற்ற நொத்தாரிசு எவரேனும் கண்டிக்கு வந்து தடுமாறினால் வியப்பதற்கில்லை.

இக்கட்டத்தில் விற்பனையாளர் வழக்கமாகக் கூறும் பதில்கள் இரண்டு. முதலாவது: "தங்கைமார் பங்கு வேண்டாமென்று சொல்லி விட்டனர்." நமது சமூகங்கள் இரண்டிலும் இவ்வாறு சொல்லும் சகோதரிகள் உளர் என்பது உண்மை. அவ்வாறு சொல்லுமாறு எதிர்பார்க்கப்படும் சகோதரிகள் அதனிலும் அதிகம் என்பதும் உண்மை. சீதனம் கொடுத்தாயிற்று, இனி என்ன பங்கு என்ற பேச்சு தமிழ் வீடுகளிலும், மார்க்கம் தெளிவாக விதித்த பங்கை வாய்ப்பேச்சில் விட்டுக்கொடுக்கச் செய்யும் வழக்கம் முஸ்லிம் வீடுகளிலும் காணப்படுகின்றன. எவ்வாறாயினும் வாயினால் விட்ட பங்கு சட்டத்தில் விடப்பட்ட பங்கன்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியின் எந்த உரிமையும் நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதிக் கையொப்பமிடப்பட்டாலன்றிக் கைமாறாது என்கின்றது. சகோதரி உண்மையாகவே விட்டுக்கொடுக்கின்றாராயின் அதற்குரிய உறுதியில் ஒப்பமிடட்டும். ஒப்பமிடத் தயங்குகின்றாராயின் அத்தயக்கமே வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இரண்டாவது பதில்: "நாங்கள் முப்பது வருடமாக இவ்வீட்டில் இருக்கின்றோம், வேறெவரும் உரிமை கோரவில்லை." பத்தாண்டுகள் ஆட்சி செய்தால் காணி சொந்தமாகி விடும் என்ற நம்பிக்கை பரவலானது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு எதிரிடையான ஆட்சியைப் பற்றிக் கூறுவது மெய்யே. ஆனால் இணைச் சொந்தக்காரர்களுக்கிடையே நிலைமை வேறு. ஒருவர் வசித்தால் அவர் எல்லோருக்காகவும் வசிப்பதாகவே சட்டம் கருதும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து வெளியேற்றியதற்கு நிகரான செயலொன்று இருந்தால் மட்டுமே காலம் ஓடத் தொடங்கும். 1911ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில் வழங்கிய தீர்ப்பு இது. நூறாண்டுக்கும் மேலாக நமது நீதிமன்றங்கள் இதனையே அடியொற்றி வருகின்றன. வீட்டிலிருந்த அண்ணன் வாடகை வாங்கினார், வரி கட்டினார், கூரை மாற்றினார் என்பனவெல்லாம் தங்கையின் பங்கைத் தாமாக அழித்து விடா. மாநகர சபையின் வரிப் பற்றுச்சீட்டு யாருடைய பெயரில் வருகின்றது என்பதும் உரித்துக்குச் சான்றாகாது. தரகர்கள் அதனை முதலில் எடுத்துக் காட்டுவதுதான் வேடிக்கை.

பங்கு எஞ்சியிருந்தால் நேர்வது என்ன? 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி எந்தவோர் இணைச் சொந்தக்காரரும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். மலைச்சரிவிலுள்ள 10, 12 பேர்ச் காணியையும் அதன் மேலுள்ள ஒரே வீட்டையும் ஐந்தாகவோ எட்டாகவோ வெட்டிக் கொடுக்க இயலாது. ஆதலால் இறுதியில் அது விற்கப்பட்டுப் பணமே பங்கிடப்படும். நம்பி வாங்கியவர், தான் வாங்கிய வீட்டைத் தானே மீண்டும் விலைக்கு வாங்க நேரிடும். இதற்கிடையே கழியும் ஆண்டுகள் பல. அவ்வாண்டுகளில் பங்காளர் சிலர் இறப்பர், அவர்களின் வாரிசுகள் வழக்கிற் சேர்வர்.

வாரிசுகள் கடல் கடந்து வாழ்வது கண்டித் தமிழ்க் குடும்பங்களில் பொதுவான நிலை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையினால் இந்தியா சென்றோர் உளர். 1983 ஜூலைக்குப் பின்னர் மேலை நாடுகளுக்குப் பெயர்ந்தோர் உளர். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதனால் முதிசப் பங்கு அழிவதில்லை. அவர்கள் சார்பில் இங்குள்ள ஒருவர் அட்டோர்ணித் தத்துவத்துடன் ஒப்பமிடுவது வழக்கம். அது விற்பதற்கு வெளிப்படையாக அதிகாரம் அளிக்கின்றதா, பதியப்பட்டுள்ளதா, வழங்கியவர் இன்னமும் உயிரோடிருக்கின்றாரா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். வழங்கியவர் இறந்தால் தத்துவமும் அன்றே முடிவடைகின்றது. ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும் ஐயத்தைத் தீர்க்காது விட்டுப் பின்னர் அழுவதிற் பயனில்லை.

பழைய தமிழ் வீடுகளுக்கு மற்றுமொரு சரித்திரச் சுமையும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட குடும்பங்கள், 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் பின்னர் குடியுரிமையற்றவருக்குக் காணி கைமாறும்போது நூறு வீத வரியை எதிர்நோக்கின. ஒரு வீட்டை வாங்க இரு வீட்டின் பணம் வேண்டும் என்ற நிலை அது. ஆகவே அக்கால உறுதியொன்றில் காணப்படும் பெயர் உண்மையிற் பணம் கொடுத்தவரின் பெயர்தானா என்ற வினா எழ இடமுண்டு. பணம் ஒருவர் கொடுக்க உறுதி வேறொருவர் பெயரில் எழுதப்பட்டிருப்பின், பெயருடையவர் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டுமே என வாதிட நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் வழி திறந்து வைத்துள்ளது.

தந்தை உயிரோடிருக்கும்போதே மகளுக்கோ மகனுக்கோ எழுதிய நன்கொடை உறுதியைக் காட்டி வீடு விற்கப்படுவதும் சாதாரணம். மரபுரிமைத் தொல்லை இல்லையே என்று வாங்குவோர் நிம்மதியடைவர். ஆனால் கண்டியச் சட்டத்தின் கீழான நன்கொடையை, இரத்துச் செய்யும் உரிமையைக் கொடுத்தவர் வெளிப்படையாகத் துறந்திராவிடில், பெரும்பாலும் அவர் தம் வாழ்நாளில் மீளப்பெறலாம். முஸ்லிம் ஒருவரின் நன்கொடை உறுதியும், மீளப்பெற முடியாததென அவ்வுறுதியிலேயே கூறப்பட்டிருந்தாலன்றி மீளப்பெற முடியாததாகக் கருதப்படாது என 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. மூன்றாம் பக்கத்தின் நடுவே ஒரு வரி இருக்கின்றதா இல்லையா என்பதில் கோடி ரூபா தங்கியிருக்கின்றது. பெற்றோர் தமக்கு ஆயுள் உரித்தை ஒதுக்கி வைத்துள்ளனரா என்பதையும் அதே வாசிப்பிற் கண்டு கொள்ளலாம்.

வங்கிக் கடன் பெற்று வாங்குவோரின் உறுதிகளை வங்கியின் சட்டத்தரணிகள் தமது பணத்தின் பொருட்டேனும் கிளறிப் பார்ப்பர். வட்டியைத் தவிர்க்கும் பொருட்டுக் கையிலுள்ள பணத்தையும் நகையையும் திரட்டி வாங்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு அப்பாதுகாப்பு இயல்பாகக் கிடைப்பதில்லை. அவர்கள் தாமே ஒரு சட்டத்தரணியை அமர்த்த வேண்டும். அவர் விற்பவருக்கும் சட்டத்தரணியாக இருத்தலாகாது. செலவு மிச்சம் என்று இரு தரப்பும் ஒரே நொத்தாரிசிடம் செல்லும் பழக்கம் சிறு கொடுக்கல் வாங்கல்களுக்குச் சரியாகலாம், பழைய வீட்டுக்குச் சரியாகாது.

முற்பணம் பற்றியும் ஒரு சொல். முத்திரை ஒட்டிய வெற்றுத்தாளில் "இவ்வீட்டை விற்கச் சம்மதிக்கின்றேன்" என எழுதி வாங்கி இலட்சக் கணக்கில் கொடுத்து விடுகின்றனர். மேற்கூறிய 1840ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனைக்கு மட்டுமன்றி விற்பதற்கான உடன்படிக்கைக்கும் நொத்தாரிசையே வேண்டுகின்றது. அத்தாளைக் கொண்டு வீட்டை எழுதித் தருமாறு வற்புறுத்த முடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கிடலாம், அவ்வளவே. அவ்வாறே உறுதியை எழுதி வாங்கியபின் பதியாது அலுமாரியில் வைப்பதும் ஆபத்தானது. அதே வீட்டை விற்பவர் இன்னொருவருக்கு எழுதி, அவர் உரிய விலை கொடுத்து முந்திப் பதிந்து கொண்டால், பிந்திய உறுதியே முந்தியதை வெல்லக்கூடும். முத்திரைத் தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதுவோர், பிற்பாடு பணத்தைத் திரும்பப் பெற நேர்ந்தால் எந்தத் தொகையை நிரூபிக்கப் போகின்றனர் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இவை எல்லாம் காகிதம். கண்டியில் நிலத்தையும் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மண்சரிவுகளில் வீடுகளோடு குடும்பங்களும் புதைந்தன. உறுதியில் குறையெதுவுமில்லாத வீடுகளும் அவற்றுள் இருந்திருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களில் அக்காணி எவ்வலயத்தில் உள்ளது என்பதையும், பின்புறத் தாங்குசுவர் யாரால், எவ்வனுமதியுடன் கட்டப்பட்டது என்பதையும் முற்பணத்திற்கு முன்னரே விசாரிக்க வேண்டும். அக்குறணையிற் போல் ஓயா பெருகி நகருக்குள் புகும் இடங்களில் கடந்த வெள்ளம் சுவரில் எவ்வளவு உயரத்திற் கோடிட்டது என அயலவரிடம் கேட்பது எந்த அறிக்கைக்கும் குறைந்ததன்று. மலை வீடுகளுக்கே உரிய இன்னொரு வினா, படிக்கட்டு யாருடையது என்பதாகும். வீதியிலிருந்து வீட்டுக்கு ஏறும் நாற்பது படிகளும் கீழ்வீட்டார் காணியினூடாகச் சென்றால், அவ்வழியுரிமை உறுதியிலோ நில அளவைப் படத்திலோ காட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய அயலவர்கள் இருவரும் நண்பர்களாக இருந்தமையால் எழுதப்படாத வழி, புதியவர் வந்ததும் வாயிற்கதவால் அடைபடலாம்.

அச்சத்தில் விற்பதைப் பற்றியும் கூற வேண்டியுள்ளது. 1983இலும், 2018 மார்ச்சில் திகன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோதும், இருந்த இடத்தை விட்டு அகல நினைத்தோர் உளர். அவ்வேளைகளில் அவசரத்தில் எழுதப்படும் உறுதிகளில் எல்லா வாரிசுகளும் ஒப்பமிடக் காத்திருக்க எவருக்கும் மனமிருப்பதில்லை. அச்சத்தில் விற்றவர் குறைந்த விலைக்கு விற்று இழக்கின்றார். வாங்கியவரும் குறைபட்ட உரித்தையே வாங்கி இழக்கின்றார். அத்தகைய காலத்து உறுதியொன்று உரித்துச் சங்கிலியில் இடம்பெறின் அதில் ஒப்பமிட்டோர் யார், விடுபட்டோர் யார் என்பதை இரு முறை பார்ப்பது நன்று.

1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமும் அதன் வழி வந்த பிம்சவிய திட்டமும் உறுதிகளின் சங்கிலிக்குப் பதிலாக அரசு உத்தரவாதமுள்ள உரித்துச் சான்றிதழை வழங்க முனைகின்றன. நாடு முழுவதும் அது நிறைவுறவில்லை. நிறைவுறும் வரை விற்க எண்ணுவோர் வாங்குபவரைத் தேடுமுன் தம் வீட்டைச் சீர்செய்து கொள்ளலாம். இறப்புச் சான்றிதழ்களைத் திரட்டி, வாரிசுகள் எல்லோரையும் ஒரு தாளில் எழுதி, வயது வராத பிள்ளையின் பங்கிருப்பின் நீதிமன்ற அனுமதி பெற்று, பங்குகளை ஒருவர் பெயருக்கு மாற்றி வைத்தால் விலையும் உயரும். ஊரிலில்லாத சகோதரிக்கும் ஒரு வழியுண்டு. ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தமது பங்கு குறித்துக் காணிப் பதிவகத்தில் முன்னெச்சரிக்கை அறிவித்தலொன்றைப் பதிந்து கொள்ளலாம். அது நடைமுறையிலுள்ள காலத்தில் அவ்வீடு தொடர்பாக எவரேனும் உறுதியொன்றைப் பதிவுக்குச் சமர்ப்பித்தால், பதிவாளர் அதனை அவருக்கு அறிவிக்க வேண்டும்.